மில்லை மூடியது யார்?

2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் மும்பையில் எந்தக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றாலும், வேலையைப் பற்றிய பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடியது. என்ன வேலை, எத்தனை பேருக்கு, என்ன கூலிக்கு என்பதெல்லாம் பேச்சில் வரவில்லை. யாரால் போயிற்று என்பதே பேச்சு. வேதாந்தாவும் பாக்ஸ்கானும் சேர்ந்து தொடங்கவிருந்த செமிகண்டக்டர் ஆலை புனேக்கு அருகில் தளேகாவில் அமையும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, 2022 செப்டம்பரில் அது குஜராத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே டாடா - ஏர்பஸ் விமானத் தொழிற்சாலைக்கு வடோதராவில் அடிக்கல் நாட்டினார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் இது முந்தைய ஆட்சியின் மெத்தனம் என்றார்கள். முந்தைய ஆட்சியினர் இது தில்லிக்குப் பணிந்துபோனதன் பலன் என்றார்கள். 2023 ஜூலையில் பாக்ஸ்கான் அந்தக் கூட்டிலிருந்தே விலகிக்கொண்டது. அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும், வாக்குக் கேட்டு வந்தவர்கள் அந்த ஆலையின் வேலைகளை எண்ணிச் சொல்லி ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தீபாவளிக்குச் சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தபோதும் இந்தப் பேச்சுதான். தம்பி ஒரு கட்சியின் பக்கம், அத்தான் இன்னொரு கட்சியின் பக்கம் என்று குரல் உயர்ந்துகொண்டிருந்தது. எண்பதைத் தொட்டுவிட்ட பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். “இந்த ஊர்ல ஆலைத் தொழில அழிச்சது தத்தா சாமந்த் ஒருத்தன்தான். அவன் ஸ்டிரைக்கோட எல்லாம் முடிஞ்சிட்டு. இவனுவ இப்ப வந்து என்னத்துக்குச் சண்ட போடுதானுவ” என்றார். அத்துடன் விவாதம் அடங்கிவிட்டது. அதுவரை எதிரெதிராக நின்றவர்கள் இருவரும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். எனக்கு அந்தத் தலையசைப்புதான் உறுத்தியது. கட்சி வேறுபாடின்றி, மொழி வேறுபாடின்றி இந்த நகரத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்ப்பு இது. மலபார் ஹில்லிலும் சொல்வார்கள், தாராவியிலும் சொல்வார்கள். பெரியப்பா அதைக் கேள்விப்பட்டுச் சொல்பவரும் அல்ல. பாளையங்கோட்டையில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு 1964இல் ரயிலேறி வந்து, பரேல் பக்கம் ஒரு நூற்பு நெசவு மில்லின் டைம் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். அவர் சொன்னால் சாட்சி சொன்னதாகவே எங்கள் வீட்டில் கொள்வார்கள்.

வேலைநிறுத்தத்தின் கதையை மும்பைக்காரர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 தீபாவளி போனஸ் தகராறில் புகைந்து, 1982 ஜனவரி 18 அன்று தொடங்கியது. அறுபதுக்குச் சற்றே குறைவான மில்கள், ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். அது முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. ஓராண்டுக்கு மேல் நின்று, பிறகு கரைந்து போனது. ஒரு லட்சத்துக்கும் குறையாத பேர் வேலையைத் திரும்பப் பெறவில்லை என்பதே பொதுவான கணக்கு. தலைமை தாங்கிய சாமந்த் படிப்பால் மருத்துவர்; 1984இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். 1997 ஜனவரியில் பவாய் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவையும் கேட்பவர் ஒருவர், ஒரு மனிதர் ஒரு வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார், அதன் முடிவில் வேலைகள் இல்லை, ஆகவே அவரால்தான் போயிற்று என்று கோத்துக்கொள்வது இயல்பு. நடந்தவை அதே வரிசையில்தான் நடந்தன. அந்த வரிசையில் எவை எவை விடுபட்டிருக்கின்றன என்பதே எனக்குத் தீராத கேள்வியாக இருந்தது.

இந்த ஊரில் பழி சுமந்த பெயர்கள்

பழியை ஒரு பெயரில் இறக்கிவைக்கும் வழக்கம் சாமந்திடம் தொடங்கவில்லை. அது தொடங்கிய காலத்தில் அந்தப் பெயர் நம்முடையது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ், நகரத்தின் அலுவலகங்களில் உயர்பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு வந்தது. மராட்டிய இளைஞனுக்கு வேலை இல்லாததற்கு இவர்களே காரணம் என்பது அதன் பொருள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கியைக் கேலி செய்யும் முழக்கம் தெருவில் எழுந்தது. பெரியப்பா அப்போது கல்யாணமாகாத இளைஞர். மாட்டுங்காவில் ஒரு அறையில் நான்கு பேராகத் தங்கியிருந்தவர்கள், இருட்டிய பிறகு வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போவதை நிறுத்தினார்களாம்.

சேனை பிறப்பதற்குச் சரியாகப் பதின்மூன்று நாட்களுக்கு முன், 1966 ஜூன் 6 அன்று, இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது ஒரே இரவில் 7.50 ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாகிஸ்தானுடன் போர்; தொடர்ந்து கடும் வறட்சி; வெளிநாட்டு உதவி நிறுத்தம். தொழிற்சாலைகளின் வளர்ச்சி தேங்கியது. புதிதாகப் படித்து வெளியே வந்த மராட்டிய இளைஞர்களுக்கு வேலை இல்லை என்பது உண்மை, அவர்கள் கோபமும் உண்மை. அந்தக் கோபத்திடம் நாணய மதிப்பைப் பற்றியோ மழை பொய்த்ததைப் பற்றியோ யாரும் பேசவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐயரையும் பிள்ளையையும் நாயரையும் காட்டினார்கள். காட்டுவது எளிது, அவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள், அவர்கள் பெயர்கள் டெலிபோன் டைரக்டரியிலேயே இருந்தன. நாற்பது ஆண்டு கழித்து, 2008 அக்டோபரில், ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்கள் இதே ஊரில் அடி வாங்கினார்கள். ஆள் மாறினார்களே தவிர முறை மாறவில்லை. அந்த நாட்களில் நம்மவர் வீடுகளில், ‘அவனுவ வந்துதானே ஊரே கெட்டது’ என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். 1966இல் பயந்து நடந்த வீடுகளுக்கு அந்தப் பேச்சு கூசியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டைம் ஆபீஸில் இருந்து பார்த்தால்

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். சாமந்த் நல்லவரா கெட்டவரா என்று கேட்கவில்லை. “மில்லுல நீங்க தினம் என்ன வேலை பார்த்தீங்க பெரியப்பா, காலைல போனதும் முதல்ல என்ன செய்வீங்க” என்று மட்டும் கேட்டேன். அவருக்கு மகிழ்ச்சி. அதை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே மில் வாசலில் பத்லிகள் வந்து நின்றுவிடுவார்கள். பத்லி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் வேலை பார்ப்பவர். கையில் ஓர் அட்டை இருக்கும். சங்கு ஊதி, உள்ளே போனவர்களின் கணக்கு டைம் ஆபீஸுக்கு வந்து, எந்தெந்தப் பகுதியில் எத்தனை ஆள் குறைகிறது என்று தெரிந்த பிறகு, ஜாபர் வாசலுக்கு வந்து ஆள் எடுப்பார். எடுக்கப்பட்டவரின் அட்டையில் பெரியப்பா அன்றைய தேதிக்கு முத்திரை குத்துவார். மற்றவர்கள் இரண்டாம் ஷிப்டுக்குத் திரும்ப வருவார்கள். மாதம் முழுவதும் வந்து நின்று சில நாட்களே வேலை கிடைத்தவர்கள் உண்டு. பத்து, பதினைந்து ஆண்டு பத்லியாகவே இருந்தவர்களும் உண்டு. அட்டையின் முனைகள் வேர்வையில் ஊறி மடங்கி, முத்திரையின் ஊதா மை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, தேதியைப் படிக்கவே முடியாதபடி இருக்குமாம். “புது அட்டை எழுதிக் கொடுங்க சாயேப்னு கேப்பான். கொடுத்தா பழைய சர்வீஸ் கணக்கு விட்டுப்போயிருமோன்னு பழசயும் சேத்து வெச்சுக்குவான்” என்றார் பெரியப்பா. வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு பத்லிகளை நிரந்தரமாக்குவதும் ஒன்று என்பதை நான் படித்திருந்தேன். அந்த அட்டையைப் பற்றிக் கேட்ட பிறகுதான், இரண்டரை லட்சம் பேர் ஏன் ஒரு மருத்துவரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்பது எனக்கு விளங்கியது. வேறு வாசலும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம்தான் பேச்சுவார்த்தைக்கு உரியது. மில்களைப் பொறுத்தவரை அது காங்கிரஸ் சார்ந்த ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கம். அதில் நம்பிக்கை இழந்தவர்கள் வேறு யாரைத் தலைவராக ஏற்றாலும் சட்டத்தின் கண்ணில் அந்தத் தலைவர் இல்லாதவரே. அந்தச் சட்டத்தை நீக்குவதும் கோரிக்கையாக இருந்தது.

பிறகு மில் திரும்பத் திறந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். நிரந்தரத் தொழிலாளிகளில் ஒரு பகுதியினரைத்தான் கூப்பிட்டார்கள், பத்லிகளின் பதிவேட்டைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். “அப்ப எத்தன தறி ஓடிச்சு?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “தறி எங்கம்மா ஓடிச்சு. ப்ராசஸ் மட்டும்தான் ஓடுச்சு. கோராத் துணி பிவண்டியிலருந்து லாரியில வரும். இங்க வெளுத்து, சாயம் போட்டு, ஓரத்துல நம்ம மில் பேர அடிச்சு அனுப்புவோம். செல்லான்கூட நான்தானே டைப் அடிச்சேன்” என்றார்.

இதை அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல், பழைய அலுவலக நினைவாகச் சொன்னார். எனக்கோ அந்தச் செல்லானுக்கு அப்பால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. வேலை போன வழி முழுவதும் அதிலேயே இருந்தது. பிவண்டியின் விசைத்தறிக் கொட்டகைகளில் நெய்பவருக்குச் சங்கம் இல்லை, பிஎஃப் இல்லை, கூலியும் குறைவு. மில்லில் நெய்வதைவிட அங்கே நெய்வித்து வாங்குவது முதலாளிக்கு லாபம் என்பது 1982க்கு முன்பே தெரிந்த சங்கதி. விசைத்தறிக்கு இருந்த வரிச் சலுகைகளும் அதற்குத் துணை நின்றன. பல மில்களில் இயந்திரங்கள் தாத்தா காலத்தவை. லாபம் வந்த ஆண்டுகளில் அவற்றை மாற்றாமல் பணத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பினார்கள். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் அவர்கள் சந்தைக்குத் துணி அனுப்புவதை முற்றாக நிறுத்திவிடவும் இல்லை. தறி ஓடாமலே மில்லின் பெயரில் துணி விற்க முடியும் என்பதை அந்த மாதங்கள் அவர்களுக்கு ஐயமறக் காட்டின. 1985இன் ஜவுளிக் கொள்கை, ஆலை, விசைத்தறி என்ற வேறுபாட்டுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைக் கொள்கையாக்கியது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பெரியப்பா எழுந்து போகையில், “ஆனாலும் சாமந்த் வராம இருந்தா மில்லு இருந்திருக்கும்” என்றார். அவர் கைகளால் தட்டச்சு செய்த காகிதம் ஒன்றைச் சொல்கிறது; வாய் வேறொன்றைச் சொல்கிறது. நான் அவரோடு வாதிடவில்லை. ஊரே ஒத்துக்கொண்ட தீர்ப்பை எண்பது வயதில் ஒருவர் தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சாமந்திடம் பிழையே இல்லை என்பது என் கருத்தல்ல. பொறியியல் ஆலைகளில் பலித்த உத்தியை, சரக்குத் தேங்கிக் கிடந்த ஒரு தொழிலில் அவர் பயன்படுத்தினார். உள்ளே போக வழி வைத்தவர் வெளியே வர வழி வைக்கவில்லை. ஆறு மாதம், எட்டு மாதம் ஆன பிறகு கொங்கணத்திலும் சாத்தாராவிலும் ஊருக்குப் போய்க் கூலி வேலை பார்த்தவர்களுக்கு, எப்போது எதை ஏற்று முடித்துக்கொள்வது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு தலைவருக்கு உண்டு. அதை அவர் செய்யவில்லை. அந்தப் பங்கு அவருடையது. அது முழுப் பழியின் ஒரு பங்கு. முழுப் பழியாக அதை நிறுத்தும்போது மீதிப் பங்குக்காரர்கள் எல்லோரும் விடுதலை ஆகிவிடுகிறார்கள்.

நிலத்தின் கணக்கு

அந்த மீதிப் பங்குக்காரர்களின் பட்டியலில் எந்தக் கட்சியும் விடுபடவில்லை. மில்கள் நின்றிருந்தது நகரின் நடுவில், ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தில். 1991இல், காங்கிரஸ் ஆட்சியில் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆம் விதி, அந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றவும் விற்கவும் முதல்முறையாக வழிவிட்டது. மில்லைப் புதுப்பிக்கவும் தொழிலாளியின் பாக்கியைத் தீர்க்கவும் பணம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்த விதியிலும் ஒரு நியாயம் இருந்தது: நிலத்தை மொத்தமாக மாற்றியமைத்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பான மாடாவுக்குப் பொதுமக்கள் வீடுகளுக்கு, மிச்சமே உரிமையாளருக்கு. 1996இல், சேனை - பாஜக ஆட்சியின்போது, கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, நிலங்களைத் துண்டுதுண்டாகப் பார்க்காமல் ஒன்றாகத் திட்டமிடச் சொன்னது. அறிக்கை நடைமுறைக்கு வரவில்லை. 2001இல், காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் ஆட்சியில், விதியில் ஒரு திருத்தம் செய்தார்கள். பங்கு பிரிக்க வேண்டியது முழு நிலத்தை அல்ல, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டுமே என்றாயிற்று. மில் என்றாலே பெரும்பகுதி கட்டடம்தான். ஆகவே பூங்காவுக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் வர வேண்டிய நிலம் சிறு துண்டாகச் சுருங்கியது. பொதுநல வழக்கில் 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்துத் திருத்தம் செல்லும் என்றது.

2005இல் தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்கள் சில ஏலத்துக்கு வந்தன. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1983இல் பதின்மூன்று மில்களை எடுத்துக்கொண்டபோது, வேலைகளைக் காப்பாற்றுவதற்காக என்று அரசு சொல்லியிருந்தது. பரேலின் மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்குப் போனது. தாதரில் சேனையின் தலைமையகமான சேனா பவனுக்கு எதிரிலேயே இருந்த கோகினூர் மில் 421 கோடிக்குப் போனது. வாங்கிய கூட்டில் சேனையின் முன்னாள் முதல்வர் மனோகர் ஜோஷியின் மகன் இருந்தார், ராஜ் தாக்கரே இருந்தார். மராட்டியனின் வேலைக்காகத் தொடங்கிய கட்சியின் வாசலுக்கு எதிரே, மராட்டியத் தொழிலாளிகள் வேலை பார்த்த மில்லின் நிலம் இப்படிக் கைமாறியது. இது சட்டப்படி நடந்த ஏலம். ஆனால் 1966இல் அலுவலக மேசைகளில் இருந்த தென்னிந்தியரின் பெயர்களைத் தேடித் தேடி அச்சிட்ட அரசியல், வேலை கொடுத்த நிலம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பட்டியலிட்டு ஒரு நாளும் அச்சிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேலை இழந்தவர்களின் கணக்கும் மில் வாசலோடு நின்றுவிடுகிறது. மில் பகுதியான கிரண்காவின் சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தொழிலாளிகளுக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த உணவு வீடுகளைக் கானாவள் என்பார்கள். அவர்களை ஒன்றுசேர்த்து 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டல் அமைத்தார். வேலைநிறுத்தம் நீண்டபோது சாப்பிட்டவர்கள் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். மில் திறக்காததால் திரும்பி வரவில்லை. மளிகைக் கடனும் எரிந்த மண்ணெண்ணெயின் செலவும் அந்தப் பெண்கள் தலையில் விழுந்தன. இரண்டரை லட்சம் என்று நான் மேலே எழுதிய எண்ணில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, தளேகாவ் ஆலை யாரால் போனது என்று இரு தரப்பும் கேட்கும்போது எனக்கு அதில் ஆர்வம் எழுவதில்லை. வந்திருந்தால் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தக்காரர் வழியாக, சங்கம் வைக்க அவர்களுக்கு வழி உண்டா, நாளைக்கு ஆலையை மூடினால் அரசு சலுகையாகக் கொடுத்த நிலம் யாருக்கு என்பவற்றுக்கு எந்த மேடையிலும் விடை இல்லை. மில்களின் வரலாற்றில் வேலையைத் தின்றவை இந்த நான்கு கேள்விகளுக்கான விடைகள்தான். அவற்றை எழுதிய கைகள் பல, அவற்றில் சாமந்தின் கையெழுத்து மிகச் சிலவற்றில்தான் இருக்கிறது.

மில் தொழிலாளிகளின் பங்குக்கு வந்த நிலத்தில் கட்டிய வீடுகளுக்கு 2012 ஜூனில் மாடா முதல் பெரிய குலுக்கல் நடத்தியது, 6,925 வீடுகள். விண்ணப்பித்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மிச்சமிருப்பவர்களுக்கு ஷேலுவிலும் வாங்கணியிலும் வீடு தருவதாக அரசு சொன்னது. கர்ஜத் தடத்தில் பத்லாப்பூரையும் தாண்டிப் போக வேண்டிய ஊர்கள் அவை. 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் கூடிய முதிய தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும், எங்களுக்கு மும்பையிலேயே வீடு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பேச வந்த தலைவர்கள் பலரின் கட்சிகளும் ஒவ்வொரு காலத்தில் இந்த மாநிலத்தை ஆண்டவைதான். 2001இன் திருத்தத்தை நீக்குவோம், மிச்சமிருக்கும் மில் நிலத்திலாவது மூன்றில் ஒரு பங்கை முழுமையாக அளந்து தருவோம் என்று எழுதிக் கொடுக்கும் கட்சிக்கே என் வாக்கு என்று தம்பியிடமும் அத்தானிடமும் சொல்லிவிட்டேன்.